பள்ளத்தை நிரப்பித் தருகிறோம் என்று லாரி வந்தால்... நடுக்கல்லூர் முதல் புளியரை வரை ஒரு பயணம்

போன மாதம் நம் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தென்காசி மாவட்ட வாசகர்.

'சாலையோரம் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் அரை ஏக்கர், முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம். எதுவும் விளையாது. ஒருவர் வந்து, பள்ளத்தை நாங்களே நிரப்பிச் சமப்படுத்தித் தருகிறோம், லோடுக்கு இவ்வளவு என்று கையில் பணமும் தருகிறோம் என்கிறார். கட்டட இடிபாடும் தேங்காய் மட்டையும்தான் வரும் என்று சொல்கிறார். சம்மதிக்கலாமா?'

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால், விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. அந்த லாரி எங்கிருந்து வருகிறது, வந்தால் என்ன ஆகும், வந்துவிட்டால் என்ன செய்வது என்று நேரில் பார்த்துவிட்டே பதில் எழுதுவோம் என்று கிளம்பினேன்.

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. நெல்லை சந்திப்பில் காலை ஆறரை மணிக்குப் பேருந்து ஏறினேன்.

ஆற்றங்கரை ஊர்கள்

பேட்டை, சுத்தமல்லி எல்லாம் தாண்டியதும் பச்சை தொடங்கிவிடுகிறது. பிசானப் பயிர் பால் பிடிக்கும் நேரம். வரப்பில் நின்று பார்த்தால் மேற்கே பொதிகை மலை நீலமாகத் தெரிகிறது. அந்த மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிதான் இந்த ஊர்களுக்குச் சோறு. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து வரும் கோடகன் கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாயும் இந்தப் பக்கத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் தண்ணீர் கொடுக்கின்றன. கோடகநல்லூரில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. நவகைலாயங்களில் செவ்வாய்க்குரிய தலம் என்று வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள்.

இந்த ஊர்களின் பெயர் 2024 டிசம்பரில் நாடு முழுக்கச் செய்தியில் வந்தது. கோயிலுக்காகவோ நெல்லுக்காகவோ அல்ல. நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைகளின் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தன. ஊசிகள், ரத்தம் தோய்ந்த பஞ்சு, மருந்துக் குப்பிகள், கையுறைகள், நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள். குளத்தோரத்திலும் தனியார் நிலத்திலும் கிடந்தன.

டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஏக்கர் நெல், கொஞ்சம் வாழை. பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் முதலில் சிரித்தார்.

"அப்ப வந்தாவ பாருங்க, டி.வி.க்காரங்க, கட்சிக்காரங்க, ஆபீசருக. ஊரே கூட்டம். இப்ப ஒரு வருசம் கழிச்சு நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கிய. உக்காருங்க தம்பி."

"மொதல்ல யாரு பார்த்தது அண்ணாச்சி?"

"யாரு பாத்தான்னு சொல்ல முடியாது. ஆடு மேய்க்கிறவங்களுக்கு எப்பவுமே தெரியும். அங்க மூட்டை கெடக்கு, இங்க மூட்டை கெடக்குன்னு பேச்சு இருந்துக்கிட்டே இருந்துச்சு. குப்பைதானேன்னு விட்டுட்டோம். ஊசியும் டியூப்பும் கெடக்கத பார்த்த பெறகுதான் பயம் வந்துச்சு. அந்தச் சீட்டுல ஆசுபத்திரி பேரு எழுதியிருந்துச்சு பாத்துக்கிடுங்க. அதுதான் அவுகள மாட்டிவிட்டுது."

அவர் கடைசியாகச் சொன்னது முக்கியம். கொட்டியவர்கள் ஓடிவிட்டார்கள். ஆனால் காகிதம் ஓடவில்லை. ஊர்க்காரர்கள் படம் எடுத்தார்கள், புகார் கொடுத்தார்கள், செய்தி பரவியது. சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மூன்று நாளில் கழிவை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று கேரளத்துக்கு உத்தரவு போட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, கேரளத்திலிருந்து அதிகாரிகளும் ஆட்களும் லாரிகளும் வந்து அள்ளத் தொடங்கினார்கள். வெளியூர்க் குப்பை வந்த வழியிலேயே திரும்பிப் போனது, நம் மாநிலத்தில் அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த வழக்கில் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். வெளியூர் லாரிக்கு நம் ஊர்க் குளமும் வண்டிப்பாதையும் எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் காட்டித்தான் ஆக வேண்டும்.

"அதத்தான் தம்பி எங்களால தாங்க முடியல" என்றார் பெரியவர். "மலையாளத்துக்காரன் கொட்டிட்டான்னு கத்துதோம். கதவத் தெறந்துவிட்டது யாரு?"

லாரி ஏன் வருகிறது?

நடுக்கல்லூரிலிருந்து திரும்பி, நெல்லையில் தென்காசிப் பேருந்து ஏறினேன். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை, புளியரை. இது கொல்லம் போகும் வழி. பாவூர்சத்திரம் காமராஜர் தினசரிச் சந்தையில் கத்தரி, வெண்டை, பல்லாரி, மிளகாய் என்று மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அதில் பெரும்பங்கு கேரளத்துக்குப் போகிறது. காய்கறி மட்டுமா? வைக்கோல், முட்டை, கோழி, மாடு, சிமென்ட், ஜல்லி எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன.

போகும் லாரி நிறைந்து போகிறது. திரும்பும்போது பெரும்பாலும் காலி. டீசலும் டிரைவர் சம்பளமும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். காலியாக வரும் லாரிக்கு யாராவது ஒரு லோடு கொடுத்தால் உரிமையாளர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். அங்கேதான் குப்பைத் தரகர் நுழைகிறார்.

மருத்துவக் கழிவைச் சட்டப்படி அழிப்பதற்குக் கட்டணம் உண்டு. 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மருத்துவமனை அதை நான்கு நிறமாகப் பிரிக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, உடல் உறுப்பு, காலாவதியான மருந்து எல்லாம் மஞ்சள் பையில். டியூப், குளுக்கோஸ் பாட்டில், கையுறை சிவப்புப் பையில். ஊசி, பிளேடு எல்லாம் குத்தினாலும் துளை விழாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்த நிலையமும் பொதுவாக 75 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கட்டணம் கட்ட மனமில்லாதவரும், 'நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று பாதி விலைக்கு வரும் தரகரும் சேரும் இடத்தில்தான் நம் பள்ளம் அவர்கள் கண்ணில் படுகிறது. மருத்துவமனைக் கழிவுக்கு மட்டும் இது பொருந்துவதாக நினைக்க வேண்டாம். கோழிக் கழிவு, மீன் கழிவு, ஓட்டல் கழிவு, பழைய பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான். முறையாக அழிக்கச் செலவு அதிகம், இருட்டில் கொட்டச் செலவு குறைவு. அந்த மிச்சத்தில் ஒரு சிறு துண்டைத்தான் நமக்கு 'லோடுக்கு இவ்வளவு' என்று நீட்டுகிறார்கள்.

புளியரையில் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் இறங்கினேன். மேலே எஸ் வளைவு, அதற்கு மேல் கோட்டைவாசல், அப்புறம் கேரளம். மலையிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சாலையோரம் லாரிகளை நிறுத்திவிட்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக இந்த வழியில் ஓட்டும் ஒருவரிடம் பேசினேன்.

"எல்லா வண்டியும் அப்படிக் கெடயாது சார். நூத்துல ஒருத்தன் செய்றதுக்கு எங்க எல்லாரையும் நிறுத்திச் சோதிக்கிறாங்க. சோதிக்கட்டும். ஆனா நான் ஒண்ணு வச்சிருக்கேன். சரக்கு என்னன்னு கண்ணால பாக்காம, பில்லு இல்லாம ஏத்த மாட்டேன். மூடி கட்டி வச்ச லோட ஏத்தச் சொன்னா, வேற வண்டி பாருங்கன்னுருவேன். மாட்டினா தரகர் போன எடுக்க மாட்டான். உள்ள போறது டிரைவர்தான்."

டிரைவருக்கு அவர் சொன்னது நிலம் வைத்திருப்பவருக்கும் அப்படியே பொருந்தும்.

கிணறு கெட்ட கதை

செங்கோட்டைப் பக்கம் ஓர் ஊரில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தென்னை நாற்பது மரம், நான்கு மாடு. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பழைய கல்கிணறு, தண்ணீர் வற்றியது. ஆடு மாடு விழுந்துவிடும் என்ற பயத்தில் அதை மூட வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். மண் கொட்டித் தருகிறோம் என்றார். லோடுக்கு ஆயிரம் ரூபாய் தந்தார். ஐந்து லோடு.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் வண்டி வரும். பகல்ல ஏன் வரலன்னு நான் கேட்டேன். பகல்ல வாடகைக்குப் போயிரும்னு சொன்னாவ. அப்பவே எனக்குச் சரியாப் படல. மேல மண்ணத் தட்டி மூடிட்டுப் போயிட்டாவ. ஒரு மழ பெஞ்ச பெறகுதான் நாத்தம். அடுத்த தோட்டத்துக் கெணத்துல தண்ணி நெறம் மாறிப் போச்சு. அவுக வந்து சண்ட போட்டாவ. எங்க சொந்தக்காரங்கதான். இப்ப கல்யாணம் காட்சிக்குக்கூடப் பேச்சு இல்ல."

தோண்டிப் பார்த்தபோது கோழிக் கழிவும் பிளாஸ்டிக் பைகளும் இருந்தன. ஜே.சி.பி. வாடகை, ஆள் கூலி, அள்ளிப் போட வண்டி என்று நாற்பதாயிரம் ஆனது. வாங்கியது ஐயாயிரம். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"என்னன்னு கொடுக்க? எடம் எங்களது. காசு வாங்கினதும் நாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரகர் வந்து நின்றது, கிணற்றை மூடக் காசில்லாத ஒரு குடும்பத்தின் முன்னால். அவர்கள் எப்போதும் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

பழைய கிணற்றை மூடுவதில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வற்றிய கிணறு நிலத்தடி நீருக்குப் போகும் நேர்வழி. வயலின் மேல் விழும் அழுக்கை மண் கொஞ்சமாவது வடிகட்டும். கிணற்றுக்குள் போட்டால் வடிகட்ட எதுவும் இல்லை. மழைநீர் அந்தக் கழிவில் ஊறி, சாறாக இறங்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும்.

கையால் தொடாதீர்கள், தீ வைக்காதீர்கள்

கழிவு கிடப்பதைப் பார்த்ததும் நாம் செய்யும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, காலால் கிளறிப் பார்ப்பது. மற்றொன்று, 'கொளுத்திவிட்டால் தீர்ந்தது' என்று தீ வைப்பது.

மருத்துவக் கழிவில் ஊசி இருக்கும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இடத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. தெரியாமல் ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று மருத்துவரே சொல்வார். 'சின்னக் குத்துதான்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

தீ வைத்தால் டியூப்பும் பையும் எரிந்து நச்சுப் புகை வரும். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரியும்போது டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும். அது புல்லில் படியும், புல்லைத் தின்னும் மாட்டின் கொழுப்பில் சேரும், பாலில் வரும். போதாக்குறைக்கு, எரித்துவிட்டால் யார் கொட்டினார்கள் என்பதைக் காட்டும் சீட்டும் பார்கோடும் சாம்பலாகிவிடும். கொட்டியவருக்கு நாமே உதவி செய்தது போல ஆகும்.

புகார் எப்படிக் கொடுப்பது?

நடுக்கல்லூர்ப் பக்கம் பேசியவர்கள், அக்கா, டிரைவர் எல்லோருடைய அனுபவத்தையும் சேர்த்து, ஊரில் செய்யக் கூடியதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

லாரியை இரவில் பார்த்தால்: தனியாகப் போய் மறிக்க வேண்டாம். வண்டி எண், நிறம், நேரம், எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்குப் போன் செய்யுங்கள். 100 அல்லது 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள். வண்டி அங்கே நிற்கும்போதே போலீஸ் வருவதுதான் வழக்குக்கு உயிர்.

காலையில் கழிவைப் பார்த்தால்: தொடாமல் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, அதில் மைல்கல், மின்கம்பம், மதகு என்று இடம் அடையாளம் தெரிய வேண்டும். கிட்டத்திலிருந்து ஒன்று, அதில் சீட்டு, பெயர், பார்கோடு, பையின் நிறம் தெரிய வேண்டும். தேதி, நேரம், இடம் பதியும் ஜி.பி.எஸ். கேமரா செயலி இப்போது எல்லாச் செல்போனிலும் கிடைக்கிறது. சக்கரத் தடம் இருந்தால் அதையும் எடுங்கள். ஆடு மாடு போகாதபடி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள்.

யாரிடம் சொல்வது: கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் அன்றே சொல்லுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மருத்துவக் கழிவு, ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு நகல் கட்டாயம். குளம், கால்வாய் என்றால் நீர்வளத் துறைக்கும் ஒன்று. 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம். கொடுக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். இந்த இரண்டிலும் பத்துப் பேர் சேர்ந்து போனால் மனுவுக்கு எடை கூடும்.

புகாரில் என்ன எழுதுவது: நீளம் வேண்டாம். 'இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த ஊர், இந்த சர்வே எண் அருகே, இன்ன வகைக் கழிவு, சுமார் இத்தனை மூட்டை கிடக்கக் கண்டோம். அருகில் இத்தனை அடி தூரத்தில் குளமும் குடிநீர்க் கிணறும் உள்ளன. படங்கள் இணைத்துள்ளோம். கழிவை அகற்றி, கொட்டியவர் மீது நடவடிக்கை எடுத்து, தண்ணீரைச் சோதித்து முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.' இவ்வளவு போதும். யார் மீதாவது சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் புகார் முழுவதும் கெட்டுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவில் பொதுத் தொல்லைக்கு 270, அலட்சியமாகத் தொற்று பரப்பும் செயலுக்கு 271, பொது நீர்நிலையைக் கெடுப்பதற்கு 279 என்று பிரிவுகள் உள்ளன. பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுபவர்களைத் தடுப்புக் காவலில் வைக்க வழி செய்து, குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ல் திருத்தியிருக்கிறது.

பதில் வராவிட்டால்: ஒரு மாதம் பாருங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் 'எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன' என்று கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் வைக்காமல் நாமே வழக்காடவும் சட்டத்தில் இடமுண்டு.

வராமல் தடுப்பது

கோடகநல்லூர்ப் பக்கம் ஓர் இளைஞர் சொன்னார். "அண்ணே, கொட்டுன பெறகு ஓடுறத விட, கொட்ட முடியாம செய்றது லேசு. அவனுக்கு மூணு வேணும். இருட்டு, லாரி போற பாதை, கேக்க ஆள் இல்லாத எடம். மூணுல ஒண்ண எடுத்துட்டா வர மாட்டான்."

எனக்கு அது சரியாகப் பட்டது. குளத்துக்குப் போகும் பாதையில் டிராக்டர் போகலாம், லாரி போகக் கூடாது என்ற அளவுக்கு இரண்டு கல் நடலாம். அறுவடை இயந்திரம் வரும் காலத்தில் எடுத்துவிடலாம். ஊராட்சியில் சொல்லி அந்த இடத்தில் ஒரு தெருவிளக்கு போட வைக்கலாம். தரிசு நிலம் வைத்திருப்பவர் வெளியூரில் இருந்தால், அவருடைய போன் எண்ணை ஊராட்சியில் கொடுத்து வைக்கச் சொல்லலாம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள்தான் ஊரின் உண்மையான காவல்காரர்கள். அவர்கள் கையில் அழைக்க வேண்டிய எண்கள் இருந்தால் போதும்.

கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. 'எங்கள் ஊராட்சி எல்லையில் வெளியூர்க் கழிவு எதையும் கொட்டவோ, புதைக்கவோ, அதற்கு நிலம் கொடுக்கவோ கூடாது' என்று ஒரு வரி. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. நிலம் கொடுக்க நினைப்பவருக்கும் ஊர் என்ன நினைக்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

அந்த இளைஞரே சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். அவர்கள் சில நாள் இரவுக் காவல் இருந்தபோது மாட்டியது கேரள லாரி இல்லை. பக்கத்து ஊர்க் கறிக்கடைக்காரர், கோழி இறகு மூட்டையோடு, மொபெட்டில்.

அவரைப் பிடித்து அடிக்கவில்லை. பஞ்சாயத்தில் வைத்துப் பேசினார்கள். நம் பங்கையும் நாம் பார்க்க வேண்டும் அல்லவா? வாய்க்கால் மதகில் கிடக்கும் பூச்சிமருந்துப் பாட்டில் யாருடையது? சுபகாரிய வீட்டு எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் எந்த ஓடையில் போகின்றன? செப்டிக் டேங்க் லாரியை நம் வீட்டுக்கு அழைக்கும்போது, அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாம் கேட்கிறோமா? வெளியூர்க்காரரை நிறுத்தும் உரிமை, நம் வாசலைச் சுத்தமாக வைத்திருக்கும்போது இன்னும் பலமாகிறது.

கேள்விக்குப் பதில்

வாசகரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சம்மதிக்காதீர்கள். வருபவர் நல்லவராகவே இருந்தாலும், நான்கு கேள்வி கேளுங்கள். எந்த இடத்துச் சரக்கு? அதற்கு பில் எங்கே? பகலில் வந்து என் கண் முன்னால் கொட்டுவீர்களா? உங்கள் பெயர், முகவரி, வண்டி எண் போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா? தேங்காய் மட்டைக்கு நல்ல விலை இருக்கிறது, கயிறு ஆலை வாங்கிக்கொள்ளும். அதை உங்கள் பள்ளத்தில் போட்டு உங்களுக்கே பணமும் தருவதாக ஒருவர் சொன்னால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். வந்தவரின் போன் எண்ணைக் குறித்துவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் மறுத்தால் அவர் அடுத்த நிலத்துக்குத்தான் போவார். ஆகவே பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இதைப் படித்தால், அந்த அக்காவைப் போல வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். ஏமாற்றி மண் என்று சொல்லிக் கொட்டினார்கள் என்று நீங்களே முதலில் போய்ச் சொல்வது, பிறகு பிடிபடுவதை விட எவ்வளவோ மேல்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திரும்பும் வழியில் ஆலங்குளம் தாண்டி மானாவாரி நிலங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் தண்ணீர் தேக்கப் பணம் செலவழித்துக் குழி தோண்டுகிறார்கள். உங்களிடம் தோண்டிய குழி தயாராக இருக்கிறது. கரையைச் சரி செய்து, தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் வைத்தால் அது பண்ணைக்குட்டை. மழைக்காலத்தில் நிறைந்தால் மீதி ஒரு ஏக்கருக்கு ஓரிரு தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும். மீன் குஞ்சும் விடலாம். உங்கள் வட்டத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், வந்து பார்த்து யோசனை சொல்வார்கள்.

பள்ளம் நிறையட்டும். அதை மழை நிரப்பட்டும்.